பூதமும் நாமும்

ஆண்டு விழாவின் மாலை அமர்வில் நிகழ்த்திய சொற்பொழிவு



ஆண்டுதோறும் இவ்விழாவில் குறளைப் பற்றியோ, சிலம்பைப் பற்றியோ, தமிழிசையைப் பற்றியோ ஒரு சொற்பொழிவு நிகழ்வது வழக்கம். இவ்வாண்டு நமக்கு வாய்த்த பொருள் பேயும் பூதமும், அரக்கரும் இயக்கரும். இதனைக் கேட்டு நகைத்தவரும் உளர். முகம் சுளித்தவரும் உளர். நாமாக இப்பொருளைத் தேர்ந்துகொள்ளவில்லை. காலனிச் சிறுவர்கள் நம்மீது சுமத்திய பொருள் இது.

செய்தி யாதெனின், கோடை விடுமுறையில் நம் பிள்ளைகள் சிலர் ஒரு புதுவகை ஆட்டத்தில் ஈடுபட்டிருக்கின்றனர். அதற்குப் பலகை இல்லை, காய் இல்லை. நால்வர் ஐவர் வட்டமாக அமர்வர். ஒருவர் கதை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, 'நான் கதவைத் திறக்கிறேன்', 'நான் ஆற்றில் குதிக்கிறேன்' என்று வாயால் சொல்லியே கதையை நகர்த்துவர். சொன்ன செயல் பலிக்குமா என்பதை 20 முகமுள்ள பகடை ஒன்று முடிவு செய்யும். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதே இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாய். ஆடப் புகுவோன் ஒரு தாளில் தன் பாத்திரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். அத்தாளில் முதலில் எழும் வினாக்களுள் ஒன்று, 'நீ எம்மரபினன்?' என்பது. மனிதனா, மலைக்குள் வாழும் குள்ளனா, காட்டில் வாழும் எல்ஃப் என்னும் நெடுங்காது மாந்தனா என்று தெரிந்தெடுக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றி ஒரு சொல். தொடக்கத்தில் இதனை ஆங்கிலத்தில் 'ரேஸ்' என்றே வழங்கினர். அச்சொல்லின் கசப்பை உணர்ந்து, 'பாத்ஃபைண்டர்' என்னும் மற்றோர் ஆட்டத்தார் 2019-இல் அதனைக் கைவிட்டு முன்னோர்வழி என்று பொருள்படும் சொல்லை மேற்கொண்டனர். பழைய ஆட்டத்தாரும் 2024-இல் வேறு சொல்லுக்கு மாறினர். நாம் மரபு என்றே சொல்வோம். குலம் என்றும் சொல்லலாம்தான். ஆனால் அச்சொல் நம் நாட்டில் ஏற்கெனவே போதுமான சுமையைத் தாங்கி நிற்கின்றது.

சிறுவர்களின் வேண்டுகோள் இதுதான்: 'எல்ஃபும் குள்ளனும் எங்களுக்குச் சலித்துவிட்டன. நம்முடைய பூதங்களுள் எவற்றை நாங்கள் மரபுகளாக ஏற்று ஆடலாம்? சங்கம் ஒரு பட்டியல் தர வேண்டும்.' இது செயற்குழுவில் படிக்கப்பட்டபோது இரண்டு கட்சிகள் எழுந்தன. 'பேயாட்டம் பிள்ளைகளுக்கு எதற்கு?' என்றது ஒன்று. 'விளையாட்டுத்தானே, பெயர்களைக் கொடுத்துவிடுங்கள்' என்றது மற்றொன்று. நாம் இரண்டிலும் சேரவில்லை. முதற்கட்சி பூதத்திற்கு அஞ்சுகின்றது. இரண்டாம் கட்சி பூதத்தை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மதியாமையே கூடுதல் தீங்கு என்பது நம் கருத்து. ஏன் என்று சொல்கின்றோம்.

1977-இல் அந்த அமெரிக்க ஆட்டத்தார் 'மான்ஸ்டர் மேனுவல்' என்றொரு நூல் வெளியிட்டனர். கொல்லத்தக்க கொடிய உருவங்களின் தொகுப்பு அது. அதில் நம் இராட்சசனும் இடம்பெற்றான். எவ்வடிவில்? புலித்தலை; சீமான்கள் அணியும் மேலங்கி; கையிலே புகைக்குழாய்! மந்திரித்த அம்பு ஒன்று பாய்ந்தால் இறந்துபடுவான் என்பது விதி. வீணையில் வல்லவன், சாமகானம் பாடிக் கயிலையானை மகிழ்வித்தவன் என்றெல்லாம் நாம் கேட்டு வளர்ந்த இலங்கை வேந்தனுக்கும் இப்புலித்தலையனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 1974-இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'கோல்சாக்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் கதையொன்றே இவ்வுருவத்திற்கு வித்து என்பர். 1980-இல் வந்த மற்றொரு நூல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. இந்திரன், அக்கினி முதலிய தெய்வங்களுக்கும் 'இத்தனை அடி பட்டால் வீழ்வர்' என்று எண்ணிட்டு அட்டவணை வகுத்தது. எழுதியவர்க்குப் பகைமை ஒன்றும் இல்லை. அவர்களுக்கு நாம் யார் என்றே தெரியாது, அவ்வளவுதான்.

இந்நிலையை மாற்றிக் காட்டியவருள் முன்னணியில் நிற்பவர் பிலிப்பைன்ஸ் நாட்டார். 7,000-க்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு அது. முந்நூறாண்டுக்கு மேல் ஸ்பானியர் ஆட்சியில் இருந்தது. வந்த பாதிரிமார் அத்தீவு மக்களின் காவல் உருவங்களையெல்லாம் சாத்தான் என்று எழுதிவைத்தனர். மக்களோ கோயிலில் புதிய இறைவனை வணங்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த மரத்துக்குப் பழைய மரியாதையையும் செய்துவந்தனர். மாக்சிமோ ராமோஸ் என்னும் அறிஞர் அவ்வுருவங்களை வகைப்படுத்தி 1971-இல் ஒரு நூலே இயற்றினார். பிற்காலக் கதைஞர்க்கும் ஓவியர்க்கும் அது கருவூலமாயிற்று.

அவ்வுருவங்களுள் சிலவற்றைக் கேட்டால் நம் பாட்டிமார் வியப்படைய மாட்டார்கள். கப்ரே என்பவன் பெருமரத்தில் அமர்ந்து சுருட்டுப் புகைக்கும் கரிய நெடியோன். நம் புளியமரத்து முனிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம். திக்பாலங் என்பவன் குதிரைத் தலையன், வழிநடப்போரைத் திசைமயக்குவான், சட்டையை உள்வெளியாகப் புரட்டி அணிந்தால் விட்டுவிடுவான். கறையான் புற்றிலே ஒரு சிறு கிழவர் குடியிருக்கிறார். அவ்வழியே செல்வோர் 'தபி தபி போ', அதாவது 'ஐயா, சற்று வழிவிடுங்கள்', என்று சொல்லிவிட்டே கடக்க வேண்டும். புற்றைக் கண்டால் ஒதுங்கி நின்று கைகூப்பும் நமக்கு இது புதிதா? அவர்தம் காட்டுத் தெய்வமகளின் பெயர் திவாத்தா. அது நம் 'தேவதை' கடல் கடந்து பெற்ற உருவமே. கிரகணத்தையும் மறைந்துபோதலையும் குறிக்கும் அவர்தம் சொல் லாஹோ. அதற்குள் ஒளிந்திருப்பவன் நம் இராகு. நிலவை விழுங்கும் கடற்பாம்பை ஓட்ட அவர்கள் பாத்திரங்களைத் தட்டி ஒலி எழுப்புவர். நாம் தாம்பாளத்து நீரில் உலக்கையை நிறுத்துவோம்.

இவ்வுருவங்களை இன்று அந்நாட்டு எழுத்தாளரும் ஓவியரும் தாமே உலக அரங்கில் ஏற்றுகின்றனர். பட்ஜெட் டான், காஜோ பல்டிசிமோ என்னும் இருவர் 2005-இல் தொடங்கிய 'ட்ரெசே' என்னும் படக்கதை 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் தொடராகவும் வந்தது. 2022-இல் வெளிவந்த டஞ்சன்ஸ் ஆட்டத் தொகுப்பு ஒன்றில், பாம் புன்சாலன் என்னும் பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் தம் நாட்டுச் சாயலில் ஒரு நிலத்தைப் படைத்தார். அதே தொகுப்பில் வங்காளத்தைச் சேர்ந்த மிமி மண்டல் நம் நாட்டுச் சாயலில் ஒரு நிலத்தைப் படைத்தார் என்பதையும் பெருமையோடு குறிப்பிடுகின்றோம். 2024-இல் பாத்ஃபைண்டர் ஆட்டத்தார் வெளியிட்ட ஒரு நூலில், காளையுருவும் மணியும் கொண்ட சரங்காய் என்னும் பிலிப்பைன்ஸ் உருவம், கொல்லத்தக்க விலங்காக அல்லாமல், ஆடுவோர் ஏற்கத்தக்க மரபாகவே இடம்பெற்றது. அந்நூலின் பக்கங்களில் அதற்கு அண்டை வீட்டுக்காரர் யார் தெரியுமா? இயக்கர். ஆம், நம் யட்சரே! வானரரோ அதே ஆட்டத்தில் 2022-லேயே மரபாகிவிட்டனர். ஐதராபாத் நிறுவனம் ஒன்று 2017-இல் வெளியிட்ட 'அசுரா' என்னும் கணினி விளையாட்டில், அசுரக் குருதி கொண்டவனே நாயகன்.

ஆகவே கதவு திறந்தாயிற்று. நம் பிள்ளைகள் கேட்பது உலகம் முழுதும் நடப்பதைத்தான். பின்னர் நாம் ஏன் உடனே பட்டியலைத் தந்துவிடவில்லை?

மனனங்கால் என்பதொரு பிலிப்பைன்ஸ் உருவம். பகலில் அழகிய பெண். இரவில் இடுப்போடு இரண்டாகப் பிரிந்து, மேற்பாதி வௌவாற் சிறகு விரித்துப் பறந்து சென்று, கருவுற்ற மகளிரைத் தேடும். கீழ்ப்பாதி நின்ற இடத்திலேயே நிற்கும். அதன்மேல் எவரேனும் உப்பையோ சாம்பலையோ தூவிவிட்டால் மீண்டும் ஒட்டாது, விடிந்தால் மாளும். இதனை ஒரு சிறுவன் ஆடும் மரபாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கருவைத் தின்னும் பாத்திரத்தைப் பிள்ளை கையில் கொடுத்தல் இயலாது. 'பசியை நீக்கிவிடுவோம், சிறகை மட்டும் வைத்துக்கொள்வோம்' என்று நூல் செய்வோர் எளிதாக முடித்துவிடலாம். முடித்தால் எஞ்சுவது யாது? சிறகு கொண்ட பெண் ஒருத்தி. அவள் எந்நாட்டவளாகவும் இருக்கலாம். உப்புக்கு அஞ்சுவதும், விடியலுக்குள் திரும்ப வேண்டியதும், தன்னில் ஒரு பாதியைக் காவலின்றி விட்டுச் செல்வதும் இருந்தால்தான் அவள் மனனங்கால்.

பசியை வைத்துக்கொண்டே பாத்திரத்தை மனிதத்தன்மையோடு படைத்த புலவர் நம்மிடத்தே உளர். மணிமேகலையில் வரும் காயசண்டிகையை எண்ணுங்கள். விஞ்சையர் மகள், வானில் செல்லும் ஆற்றல் உடையவள். முனிவர் ஒருவர்க்குரிய நாவற்கனியைக் காலால் சிதைத்ததனால், 12 ஆண்டுகள் எவ்வளவு உண்டும் தணியாத யானைத்தீ என்னும் பெரும்பசிக்கு ஆளானாள். வானூர் மந்திரமும் மறந்துபோயிற்று. அவள் புகாரின் தெருக்களில் ஏங்கி அலைவதைப் படிக்கும் எவரும் அவளைப் பேய் என்று வெறுப்பதில்லை. மணிமேகலையின் அமுதசுரபியிலிருந்து விழுந்த சோற்றுக்கு அப்பசி அவிந்தது. ஆற்றலும் உண்டு, இழப்பும் உண்டு, காரணமும் உண்டு, காலவரையறையும் உண்டு. அந்த அமெரிக்கத் தாளில் எழுதுவதற்கு இதைவிட நிறைவான பாத்திரம் வேறு வேண்டுமா?

சிலம்பில் வரும் சதுக்கப் பூதத்தையும் கேளுங்கள். புகாரில் நான்கு தெருக் கூடும் இடத்தில் நின்ற பூதம் அது. பொய்த்தவவேடத்தார், பொய்ச்சான்று உரைப்போர், பிறன்மனை நயப்போர், புறங்கூறுவோர் ஆகியோரைப் பாசத்தால் பிணித்து உண்ணும். ஒரு நாள் பொய்ச்சான்று சொன்ன ஒருவனைப் பற்றியது. அவன் தாய் கதறுவதைக் கண்ட கோவலன், 'என் உயிரைக் கொண்டு இவனை விடுக' என்று தானே பாசத்துக்குள் புகுந்தான். பூதம் என்ன செய்தது? நல்லவன் உயிர் கிடைத்ததே என்று விழுங்கிவிடவில்லை. தீயோன் உயிர்க்கு நல்லோன் உயிரை ஈடாகக் கொள்ளும் வழக்கம் தனக்கு இல்லை என்று மறுத்தது; குற்றவாளியையே உண்டது. பின் கோவலன் அக்குடும்பத்தைப் பல்லாண்டு தாங்கினான். பசியும் பலமும் உடைய ஓர் உருவம், தன் நியதியை மீற மறுக்கின்றது! பூதத்தின் பெருமை பல்லில் இல்லை, அவ்வரம்பில் இருக்கின்றது. பல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வரம்பை விட்டால், 1977-இன் புலித்தலையனே மீண்டும் பிறப்பான். இம்முறை நம் கையாலேயே.

இதெல்லாம் நூலறிவு, ஆடுதலுக்கு இதனால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். அவர்களை நெடுந்தொலைவு அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. நம் பாகாலா சந்திப்பிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர், திருப்பதி. மேலே மலையப்பர் இருக்கின்றார். கீழே ஊருக்குள் தாத்தையகுண்டையில் கங்கம்மா இருக்கின்றாள். கோடையில் அவளுக்கு ஒரு வாரம் சாத்திரை நடக்கும். சாற்றுதல் நிகழ்ந்துவிட்டால் விழா முடியும்வரை ஊரார் எல்லை தாண்டிச் சென்று தங்குதல் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு.

அதன் கதை இது. பாளையக்காரன் ஒருவன் ஊர்ப்பெண்களின் மானத்தைச் சூறையாடினான். அவிலாலா என்னும் ஊரில் குழந்தையாகக் கிடைத்து, கைக்கால குடும்பத்தில் வளர்ந்த கங்கம்மா மீதும் கை வைத்தான். அவள் தன் பேருருவைக் காட்டினாள். அவன் ஓடி ஒளிந்தான். அவனை வெளிக்கொணர அவள் நாளுக்கொரு வேடம் பூண்டு ஊரைச் சுற்றினாள். துரை வேடத்தில் சென்றபோது, தன் மேலாளனே வந்துவிட்டான் என்று மயங்கி அவன் வெளியே வந்தான். தலை வீழ்ந்தது. பின் மாதங்கி வேடம் பூண்டு, கலங்கி நின்ற பெண்டிரைத் தேற்றினாள். இன்றும் அவ்வேடங்களை அந்தக் கைக்கால குடும்பத்து ஆடவரே உரிமையாக ஏற்கின்றனர். ஊர் மக்களும் நேர்ந்துகொண்டு வேடம் புனைகின்றனர். பைராகி வேடத்தன்று உடல் முழுதும் வெண்மை, பண்ட வேடத்தன்று குங்குமச் செம்மை, அதனையடுத்துக் கரிப்பூச்சு. மீசை மழித்து, சேலை உடுத்து, சடை தொங்கவிட்டு ஆடவர் பெண்ணாக வருவர். 2024 டிசம்பரில் வெளிவந்த 'புஷ்பா 2' என்னும் தெலுங்குப் படத்தில் இச்சாத்திரை வேடத்தைக் கண்டு ஆர்ப்பரித்த பிள்ளைகள் இவ்வவையிலும் உள்ளனர், நமக்குத் தெரியும்! அமெரிக்காவைச் சேர்ந்த ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் என்னும் அம்மையார் இவ்வழிபாட்டை ஆண்டுக்கணக்கில் நேரிற் கண்டு ஆராய்ந்து 2013-இல் ஒரு நூல் வெளியிட்டிருக்கின்றார்.

ஆடுவோர்க்கு இங்கு என்ன பாடம் கிடைக்கின்றது? வேடம் பூணுவோன் தன் விருப்பம்போல் எந்நாளிலும் எவ்வேடமும் பூணுவதில்லை. இந்நாளுக்கு இவ்வேடம், இக்குடும்பத்துக்கு இவ்வுரிமை, இவ்வேளையில் வசை சொல்லலாம், இவ்வேளையில் ஆகாது, இன்ன வீட்டின்முன் நின்று மஞ்சள்நீரும் ஆரத்தியும் பெற வேண்டும் என்று அனைத்துக்கும் வரையறை உண்டு. விழா முடிவில், கோயில்முன் மண்ணால் அமைத்த பெருமுகம் கலைக்கப்படும். வேடமும் கலையும். மறுநாள் அவன் மீண்டும் கடைக்காரன், ஓட்டுநர், எழுத்தர். ஏறவும் இறங்கவும் படிகள் வைத்த வேடம் அது. பேயாட்டம் ஆடினால் பிள்ளை பேயாகிவிடும் என்று அஞ்சும் பெரியோர்க்கு இதுவே நம் மறுமொழி: வெளியேறும் வழியை முதலிலேயே கற்பித்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. சித்தூர்ப் பக்கத்துத் திரௌபதி கோயில் பாரதக்கூத்தில் துரியோதனன் வேடம் தரிப்பவனை எவரும் மறுநாள் பகைப்பதில்லையே!

ஆனால் அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு. அதனையும் மறைக்காமல் கூறுவோம்.

பிலிப்பைன்ஸில் அஸ்வாங் என்பது மனிதர் நடுவே மனிதராக வாழ்ந்து இரவில் குருதி குடிக்கும் பேய்வகைக்கு ஒரு பொதுப்பெயர். கேபிஸ் என்னும் மாகாணம் அஸ்வாங்கின் தாயகம் என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக உலவுகின்றது. விளைவு? பிழைப்புக்காக வேற்றூர் சென்ற கேபிஸ் மக்கள், 'நீ அந்த ஊரா?' என்னும் கேலியை இன்றளவும் கேட்கின்றனர். 1950-களின் தொடக்கத்தில் ஹுக் என்னும் கிளர்ச்சியாளரை ஒடுக்கிய காலத்தில் இன்னும் கொடியது நிகழ்ந்தது. அங்கிருந்த அமெரிக்க அதிகாரி எட்வர்ட் லான்ஸ்டேல் 1972-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் தாமே எழுதியிருக்கின்றார்: அஸ்வாங் நடமாடுவதாக முதலில் வதந்தி பரப்பினர், பின் கிளர்ச்சியாளன் ஒருவனைப் பிடித்துக் கழுத்தில் இரண்டு துளையிட்டுக் குருதியை வடித்து, உடலைப் பாதையிலே போட்டனர், கண்ட தோழர்கள் மலையை விட்டே அகன்றனர். கப்ரே என்னும் பெயரைப் பாருங்கள். 'நம்பிக்கையில்லாதவன்' என்று பொருள்படும் அரபுச் சொல் ஸ்பானியர் வாயில் கறுப்பினத்தாரைக் குறிக்கும் சொல்லாகி, மரத்தின்மேல் ஏறி அமர்ந்த வரலாறு அது. அயலானை அஞ்சிய அச்சமே பூதமாகி நிற்கின்றது.

நம் நாடு மட்டும் வேறா? சூனியக்காரி என்று பெயரிடப்பட்டு ஊரை விட்டுத் துரத்தப்பட்ட கைம்பெண்கள் எத்தனை பேர்! காடுவாழ் மக்களையும் மலைவாழ் மக்களையும் அரக்கர் என்று பாடிய பாட்டுகள் எத்தனை! ஆதலின் 'அரக்க மரபு' என்று பிள்ளைகள் தாளில் எழுதும்போது, அம்மரபுக்கு உண்மை மாந்தர் எவருடைய நிறத்தையும், தொழிலையும், பேச்சையும் ஏற்றுதல் கூடாது. கங்கம்மா சாத்திரையிலேயே தோட்டி வேடம் என்றொன்று உண்டு. தெய்வமே தாழ்த்தப்பட்டவரின் கோலத்தில் வருவதாக அதற்கு உயர்பொருள் சொல்வோர் உளர்; அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அப்பெயருக்குரிய மக்கள் இன்னும் அப்பெயராலேயே துன்புறுகையில், அது நம் சிறுவர் தாளுக்கு வரலாகாது.

இனி, அயலாரைப் பற்றிப் பேச்சு வந்தமையால் மணிமேகலையிலிருந்து இன்னொரு கதையைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. ஆதிரையின் கணவன் சாதுவன் பொருளீட்டக் கடலேறினான். கலம் உடைந்தது. ஒரு மரத்துண்டைப் பற்றி நாகர் வாழும் மலைக்கரையை அடைந்தான். ஆடையற்ற அம்மக்கள் நரமாமிசம் உண்பவர். 'இரை வந்தது' என்று சூழ்ந்தனர். சாதுவன் அவர்கள் மொழியை அறிந்திருந்தான். அவர்கள் மொழியிலேயே பேசினான். அவ்வளவுதான், ஓங்கிய கை தாழ்ந்தது. தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். எலும்புக் குவியலின் நடுவே கரடியும் பிணவும் போலத் தன் துணையோடு வீற்றிருந்த அத்தலைவன், சாதுவனோடு உயிரைப் பற்றியும் வினையைப் பற்றியும் வாதிடுகின்றான்! 'உயிர் உடலை விட்டுப் போய் வேறிடம் புகும் என்கிறாயே, எப்படி?' என்று கேட்கின்றான். விடை கேட்டு மனம் மாறுகின்றான். கலம் கவிழ்ந்தோரிடமிருந்து சேர்ந்த பொருளையெல்லாம் சாதுவனுக்கே தந்து விடைகொடுக்கின்றான்.

கொல்லத்தக்க உருவமாய் இருந்தவன், வினாத் தொடுக்கும் மனிதனாக மாறியது எப்பொழுது? அவன் மொழியை ஒருவன் பேசிய பொழுது. இதனை வேறெவரைக் காட்டிலும் நாம் நன்கு உணர்வோம். வடஆற்காட்டிலிருந்து பகுதிகளைப் பிரித்தெடுத்து 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-இல் திருத்தணி அப்பக்கம் சென்றது. 2022-இல் பாகாலா திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. கோடுகள் மாறிய வண்ணம் இருக்கின்றன. வேலைக்கென்று இச்சந்திப்புக்கு வந்து இறங்கிய நம்மவர், முதலிற் கற்ற தெலுங்குச் சொல் 'நீள்ளு' ஆக இருக்கலாம், 'எந்த' ஆக இருக்கலாம். அச்சொல்லைச் சொன்ன பின்னரே எதிர்வீட்டார் எதிர்வீட்டாராயினர். நம் பிள்ளைகளுக்கு இரண்டு நாவுகள் வாய்த்திருக்கின்றன. வீட்டில் காட்டேரியையும் தெருவில் தெய்யத்தையும் ஒருங்கே கேட்டு வளர்கின்றனர். சென்னையில் வளரும் பிள்ளைக்கு இவ்வாய்ப்பு இல்லை என்று சற்றுச் செருக்கோடே சொல்கின்றோம்.

ஆகவே சிறுவர்களுக்கு நாம் தருவது இது. யாளியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அது கல்லிலே பிறந்த உருவம். வேலூர்ச் சலகண்டேசுவரர் கோயில் கலியாண மண்டபத்தில் தூண்தோறும் பாய்ந்து நிற்கின்றது. காட்பாடி வண்டியில் போய் நேரிற் பார்த்து வரைந்துகொண்டு வாருங்கள். அதன் நியதியை நீங்களே படைக்கலாம்: தூணை விட்டு நீங்கினால் மேற்கூரை விழும் அல்லவா? அப்படியானால் யாளி மரபினன் வெளியே செல்லும்போது அவன் இடத்தில் யார் நிற்பது? விஞ்சையரையும், நாகரையும், சதுக்கப் பூதத்தையும் மேற்சொன்ன கதைகளோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கியரைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை: தென்பாண்டி நாட்டில் இசக்கியாக அவளுக்கு இன்றும் பொங்கலிடுவோர் உளர்; அவ்வூர்க் குடும்பம் ஒன்று நம் காலனியிலேயே இருக்கின்றது. அவர்கள் வீட்டுப் பாட்டியிடம் கேட்டு, அவர் சரி என்றால் சேருங்கள். முனீசுவரனும் கங்கம்மாவும் ஆடத்தக்க மரபுகள் அல்லர், அவர்கள் வணங்கப்படுபவர்கள். உங்கள் கதையில் அவர்தம் கோயில் வரலாம். கோயில்முன் உங்கள் பாத்திரம் செருப்பைக் கழற்றலாம். அவர்களுக்கு எண் இடவேண்டாம்.

மோகினியைக் கேட்டு ஒரு சிறுவன் தனியே வந்தான். அவளை எதற்கு என்றோம். 'பயமாக இருப்பாள்' என்றான். அவளுக்கு என்ன வேண்டும், ஏன் அலைகிறாள், அவளை யார் கொன்றார்கள் என்று எழுதிக்கொண்டு வந்தால் தருவதாகச் சொல்லியிருக்கின்றோம். இன்னும் வரவில்லை.

தாளின் அமைப்பிலும் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கின்றோம். அமெரிக்கத் தாளில் பலம், வேகம், அறிவு முதலியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு, அவை இருக்கட்டும். அவற்றுக்குமேல் நான்கு வரி சேர்த்திருக்கின்றோம்: இவ்வுருவம் எங்கே நிற்கும், யாருக்குக் கடன்பட்டது, எதை ஒருபோதும் செய்யாது, எம்மொழியில் பேசினால் செவிசாய்க்கும் என்பன அவை. நேற்று மாலை நூலக அறையில் பிள்ளைகள் இத்தாள்களை நிரப்பத் தொடங்கினர். எதிர்வரிசைத் தெலுங்குப் பிள்ளைகள் இருவரும் வந்து அமர்ந்தனர். கடைசி வரியை நிரப்புவதில் அவர்களே விரைந்தனர். சதுக்கப் பூதத்தின் தாள் மட்டும் முதல் வரியிலேயே நிற்கின்றது. ரயிலடிச் சாலை பிரியும் முக்கில் அது நிற்க வேண்டும் என்று ஒரு கட்சியும், சந்தைத் திடலின் நான்குசாலைக் கூட்டில் நிற்க வேண்டும் என்று மற்றொரு கட்சியும் வழக்காடுகின்றன. சந்தையில் எடைக்கற்கள் இருப்பதனால் அங்கேதான் பூதத்துக்கு வேலை அதிகம் என்று ஒரு சிறுமி எடுத்துரைத்தாள். வாக்கெடுப்பு நாடகத்திற்குப் பின் நடைபெறும். நாடகக் குழுவினர் திரைக்குப் பின்னிருந்து கை காட்டுகின்றனர்.